பொரியிட வேண்டிய கை

ஒஸ்லோவில் என் இளைய மகளின் திருமணத்தன்று காலை, மணவறையில் வைத்த நெற்பொரித் தட்டின் அருகே கரண்டிகளும் ஒரு பாற்குவளையும் இருந்தன. மண்டபக் காப்பாளரான நோர்வீஜியப் பெண் அன்புடன் வைத்தவை. “ஃப்ரூகொஸ்ட்?” என்று அங்கு நின்ற பேரப்பிள்ளைகளைச் சுட்டிக் கேட்டார், அவர்களின் காலையுணவு என எண்ணிவிட்டார். இது தீக்குரியது என்றேன். அவர் திடுக்கிட்டுக் கூரையிலிருந்த புகையுணர் கருவியை அண்ணாந்து பார்த்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஊரிலுள்ளோரும் என்னைப்போற் பெயர்ந்தோரும் அறிவீர்கள்: மணமகளின் கூப்பிய கைகளில் அவள் சகோதரன் பொரியிட, அவள் அதனை வேள்வித் தீயிற் சொரிவாள். அந்தச் சடங்கை எங்கள் வீடு ஒருமுறை உயிரச்சத்தோடு நிறைவேற்றியது.

ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு, எங்கள் ஊரான ஆரையம்பதியில் மூத்த மகளின் திருமணம். கரையோர வீடு அழிந்துபோனதால், வாவிப் பக்கமிருந்த மைத்துனரின் வளவிற் பந்தலிட்டோம். பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துச் செல்லும் காலம் அது. பதினான்கு வயதான என் மகனை நகரில் ஓர் உறவினர் வீட்டில் ஒளித்து வைத்திருந்தோம். பொரியிட அவனை அழைப்பதா என்ற வாதத்தை மணமகளே முடித்துவைத்தாள்.

“தம்பி வந்தா எனக்குத் தாலி வேணாம்.”

பொரியிடும் வேளை வந்தது. “பொண்ணுட சகோதரன் வாங்கோ,” என்றார் ஐயர். எவரும் அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தொலைவிலிருந்த கதிரவெளியினர், மகனைப் பற்றி ஏதும் அறியாதவர்கள். அவர்களோடு வந்திருந்த, நாங்கள் முன்பின் அறியாத ஒருவர், எட்டு வயதான என் இளைய மகளிடம் குனிந்தார்.

“கொண்ணன் எங்க கிளி? பந்திக்கு மட்டுந்தான் வருவாரோ?”

சிலர் சிரித்தனர். அண்ணன் இருக்குமிடம் அவளுக்குத் தெரியும். அவனுக்கென்று பலகாரம் பொதிசெய்து அனுப்பியவளே அவள்தான். கேட்டவர் யார், எவருக்காகக் கேட்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

“அண்ணனக் கடல் கொண்டு போயிற்று,” என்றாள் அவள்.

சிரிப்பு அடங்கியது. எங்கள் ஊரார் அனைவரும் அது பொய்யென அறிவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகன் உயிரோடிருப்பதை அறிந்த என் மனைவி பெருங்குரலெடுத்து அழுதாள். அவ்வழுகையில் நடிப்பு இல்லை. கேட்டவர் தலைகுனிந்தார். ஐயர் தட்டைச் சிறுமியிடம் கொடுத்தார். அவள் இட்ட பொரியிற் பாதி நிலத்திற் சிந்தியது.

மகன் தப்பி இந்நாட்டை அடைந்தான். பின்னர் எங்களையும் அழைத்துக்கொண்டான். இங்கே ஒரு சிறுமியிடம் அவள் அண்ணன் எங்கே என எவரும் கேட்கலாம். கேள்வி கேள்வியாகவே இருக்கும். போர் முடிந்த பின்னரே மருமகனின் தாய்க்கு உண்மையைச் சொன்னோம். அதுவரை அந்த அம்மையார், கடல் கொண்ட தம் உறவினருக்காகக் கதிரவெளிக் கரையில் ஆண்டுதோறும் ஏற்றும் விளக்குகளோடு என் மகனுக்கும் ஒன்று ஏற்றி வந்திருக்கிறார். மகன் தொலைபேசியில் அவரை அழைத்தான்.

“மாமி, நான் உயிரோட இருக்கன்.”



“நல்லா இரி மனே. ஆனா வச்ச விளக்க நிப்பாட்ட எனக்கு மனம் வருகுதில்ல.”

அன்று ஒஸ்லோ மணவறையில், தன்னைக் கடலுக்குக் கொடுத்துக் காத்த தங்கையின் கைகளில் அவன் பொரியிட்டான். அவள் அவன் விரல்களைப் பற்றிக்கொண்டு விட மறுத்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். ஆண்டுதோறும் மார்கழியில், அவன் இங்கே தன் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குக் காலணி பூட்டிவிடும் காலையில், கதிரவெளிக் கரையில் அவன் பெயருக்கு ஒரு விளக்கு எரிகிறது.