டேங்கை நிரப்பித் தந்தவர்களுக்கு

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் சிலரிடம் கட்டுரை கேட்டோம். வந்தவற்றில் எல்லாம் அக்கா எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பார், யார் மனதையும் நோகடித்ததில்லை என்று எழுதியிருந்தது. இரண்டும் பொய். பிடிக்காதவர்களைப் பார்த்து அக்கா சிரிக்க மாட்டார். நோகடிக்க வேண்டியவர்களை நோகடிக்காமல் விட்டதும் கிடையாது. அந்தக் கட்டுரைகளை ஓரமாக வைத்துவிட்டு, கூடப் பிறந்த தங்கை என்ற உரிமையில் நானே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருக்கோகர்ணத்தில், வாழ்க்கைப்பட்டது குளத்தூரில். அத்தானுக்குக் கார் பைத்தியம். யாரோ கழித்துக் கட்டிய பழைய பச்சை நிறப் பெட்ரோல் காரை வாங்கி வந்து, பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டார். அவர் காலமானபோது அக்காவுக்குத் தலை நரைக்கக்கூட இல்லை. காரை விற்றுவிடும்படி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பொம்பளைக்கு எதற்குக் கார் என்று முதலில் கேட்டவர் எங்கள் சித்தப்பா. அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே காரை நேராகச் சித்தப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அவர் வெளியே வரும்வரை ஹாரனை அழுத்தினார்.

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு அந்தக் கார் மீது பாசம் வந்துவிட்டது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்குப் பச்சைக் கார்தான். அக்கா வாடகை வாங்கியதில்லை. ஆனால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய காரை டேங்க் வழிய வழிய நிரப்பி, முன் சீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்துத் திருப்பித் தர வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் அந்த வீட்டுக்கு மரியாதை போய்விடும். மொய்க் கவரில் வெற்றுத் தாளை வைத்துக் கொடுத்தால் போகாத மரியாதை, பெட்ரோல் முள் கொஞ்சம் இறங்கினால் போய்விடும்.

பழைய பெட்ரோல் இருந்த காலத்தில் இந்தப் பெருமையால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். புது வண்டிகளில் அதைத் தாங்கும் டியூப் போட்டிருக்கிறார்கள். பச்சைக் காரில் டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போவதோ அந்தக் காலத்து ரப்பர் டியூப். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் கார் சும்மா நிற்கும். உறவினர்கள் நிரப்பித் தந்த பெட்ரோல் உள்ளே கிடந்து டியூப்பை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். கார் நிற்கும் கொட்டகையில் நெடி அடிக்கிறதே என்று அக்கா பானெட்டைத் திறந்து பார்த்தபோது டியூப் முழுக்க வெடிப்பு. விரலால் அழுத்தினால் மை போல ஒட்டியது. கடையில் சாதாரண டியூப் வாங்கி மாற்றினார். அடுத்த சீசனுக்குள் அதுவும் அதே கதிக்கு வந்தது.

அக்கா விடவில்லை. பழைய டியூப்பில் ஒரு துண்டை வெட்டி, ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு வைத்தார். சில வாரங்களில் அது உப்பி, ஊறிய புளி மாதிரி ஆனது. அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "சித்தப்பா, கொஞ்சமா ஊத்துனா போதும். ரொப்பி நிறுத்துனா டியூப்பு இப்புடித்தான் ஆகுது" என்று காட்டினார். சித்தப்பா பாட்டிலை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "காலி டேங்கோட வண்டிய விட்டா நாலு பேரு என்ன நெனப்பாங்க? நாங்க என்ன வக்கத்தவங்களா?" என்றார். அடுத்த முறை தளும்பத் தளும்ப ஊற்றி, மூடியைச் சுற்றிச் சந்தனம் வேறு பூசி அனுப்பினார். அறிவுக்கு அவர் செய்த ஒரே மரியாதை அந்தச் சந்தனம்தான்.

ஆகவே அக்கா வேறு வழி பார்த்தார். கல்யாணம் முடிந்து கார் வந்ததும் டேங்கிலிருந்து பெட்ரோலைக் கேனில் இறக்கிவிடுவார். மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை என்ஜினை ஓடவிடுவார். இறக்கிய பெட்ரோல் அவருடைய ஸ்கூட்டருக்கும் என் ஸ்கூட்டருக்கும் போகும். மீந்தது பக்கத்து வீட்டு ஆசிரியையின் வண்டிக்கு. ஒரு சொட்டுக்கும் அவர் காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தாலும் கேட்க உங்களுக்கு யோக்கியதை இல்லை என்பது வேறு.

ஆனால் கேனைப் பார்த்த கண்கள் சும்மா இருக்குமா? ஒரு வளைகாப்பில் அக்கா பந்தியில் பொரியல் வைத்துக்கொண்டு வந்தார். சித்தி இலையிலிருந்து தலையைத் தூக்காமலே பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம ஊத்துற பெட்ரோல வித்துத்தான் இவ பொழப்பு ஓடுது" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் பலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். எதற்கும் உடனே பதில் கொடுக்கும் அக்கா அன்று பொரியலை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம், "இனிமே எடுக்கல. ஊத்துனது அப்புடியே கெடக்கட்டும்" என்றார். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

அந்த ஆடி மாதம் முழுக்க நிரம்பிய டேங்கோடு கார் நின்றது. ஆவணியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். எத்தனாலைத் தாங்கும் டியூப்புக்கு அக்கா திருச்சியில் சொல்லி வைத்திருந்தார், அது வந்து சேரவில்லை. இந்த ஒரு தடவை வேறு கார் வைத்துக்கொள்ளும்படி சித்தப்பாவிடம் சொன்னார். போட்டோக்காரரிடம் பச்சைக் கார் என்று சொல்லியாகிவிட்டது, உனக்கு எங்கள் வீட்டு விசேஷம் என்றால் இளப்பமா என்று சித்தப்பா குதித்தார். கடைசியில், தானே ஓட்டுவது என்ற நிபந்தனையோடு அக்கா இறங்கி வந்தார். காலையில் குனிந்து பார்த்தபோது கசிவு இல்லை. ஆனால் மேளத்துக்குப் பின்னால் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்ட, என்ஜின் கொதித்து, ஊறிப்போன டியூப் பிளந்தது. பானெட் இடுக்கில் தீ எட்டிப் பார்த்தது. அக்கா சாவியைத் திருகி அணைத்து, சுற்றி வந்து, மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். சட்டை கிழிந்தது. அக்காவின் வலது கை வெந்தது.

கூட்டம் எதைப் பற்றிப் பேசியது தெரியுமா? சட்டையைப் பற்றி. தாலி கட்டப் போகிற பிள்ளையின் சட்டையைத் தாலி இழந்தவள் கிழித்துவிட்டாளாம். அழுதுகொண்டிருந்த மாப்பிள்ளைத் தம்பியிடம் அக்கா, "சட்ட போனாப் போகுது, நீ இருக்கேல்ல" என்று மட்டும் சொன்னார். அந்தத் தம்பி இன்று வரை அதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் அக்காவைக் கூப்பிடவில்லை. காரும் ராசியில்லாத கார் ஆகிவிட்டது.

அக்காவைக் கொண்டுபோனது மாரடைப்பு. அதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ராசியில்லன்னு சொல்லட்டும், பரவால்ல. பெட்ரோல வித்தேன்னு சொன்னாங்கள்ல, அத மட்டும் இல்லன்னு யாரையாச்சும் சொல்லச் சொல்லுடி." அப்போது சித்தி ஆப்பிள் பையோடு பக்கத்தில்தான் நின்றார். கேட்காதது போல ஆப்பிளை எடுத்து அடுக்கினார். அன்று எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தீப்பிடித்த அன்று மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்த டீக்கடைக்காரருக்கும், கை ஆறும்வரை அக்காவுக்குத் தலை வாரிவிட்ட பக்கத்து வீட்டு ஆசிரியைக்கும், சொன்ன டியூப்பைத் தாமதமானாலும் தேடிக் கொண்டுவந்து சேர்த்த திருச்சிக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இவர்களில் ஒருவரும் நமக்குச் சொந்தமில்லை.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று அக்காவின் திதிக்கு இலை போட்டிருக்கிறோம். உட்காரும் முன்பு, அன்று பந்தியில் சிரித்தவர்கள், அவர் பெட்ரோல் விற்கவில்லை என்று வாயைத் திறந்து ஒரு முறை சொல்லுங்கள். சொல்லாதவர்களுக்கும் சாப்பாடு உண்டு, பாயசமும் உண்டு. அவர்கள் இலைக்குப் பரிமாற மட்டும் நான் வர மாட்டேன்.