கள்ளர் தலைவனுக்கு ஒரு தம்பி

பிள்ளைகளே,

நாங்கள் ஒஸ்லோவில், அம்மருட் பக்கம் ஏழாம் மாடியில் இருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு படத்தின் நடுவில் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். மகள், உனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு ஐந்து. "அப்பாவுக்கு ஏன் படம் பிடிக்கேல்லை?" என்று நீ கேட்டது எனக்குக் கேட்டது. "அப்பாவுக்குத் தலையிடி" என்றாள் அம்மா. எனக்குத் தலையிடி இருக்கவில்லை. என்ன இருந்தது என்று அன்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் இந்த நாட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பாங்கொக்கில் ஒரு ஏஜென்சிக்காரரின் அறையில் நாங்கள் ஒன்பது பேர் காத்திருந்தோம். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சட்டப்படி பார்த்தால் அவர் கள்ளர். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கையால் கஞ்சி வைத்துத் தந்தவரும் அவர்தான். விமானம் ஏறும் அன்று என்னை இருத்தி வைத்து அவரே தலை வாரிவிட்டார்.

"படத்திலை வகிடு இடப்பக்கம் கிடக்கு. நீ வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போறாய். உன்ரை தலையே உனக்கு எதிராச் சாட்சி சொல்லும், மடையா."

என் கையில் இருந்தது தலை மாத்தின பாஸ்போட். வேறொருவருடைய பாஸ்போட்டில் அவருடைய படத்தை எடுத்துவிட்டு என் படத்தை ஒட்டியிருந்தார்கள். என்னோடு வந்தவர்கள் விமானத்தின் கழிவறையில் தங்கள் பாஸ்போட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இறங்கியதும் சொந்தப் பெயரைச் சொல்லி அகதியாகப் பதிந்தார்கள். அதுதான் வழக்கம். நான் கிழிக்கவில்லை. அது ஒரு வாத்தியாருடையது, தபாலில் திருப்பி அனுப்பினால் அந்த மனிதருக்கு உதவும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். இன்னொருவருடைய பாஸ்போட்டைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. இறங்கிய இடத்தில் என் சட்டைப் பைக்குள் இருந்து அதை எடுத்து விரித்த பொலிஸ்காரர், "இது நீயா?" என்று கேட்டார். பயத்தில் தலையாட்டினேன். நான் தலையாட்டியதை அவர் எழுதினார்.

பிறகு அதை மாற்றிச் சொல்லத் துணிவு வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்க, அந்தப் பெயரிலேயே வதிவிட அனுமதி வந்தது, வேலை வந்தது, கலியாணப் பதிவு நடந்தது, கடைசியில் குடியுரிமையும் கிடைத்தது. உங்கள் இருவரின் பெயருக்குப் பின்னால் வருகிற குடும்பப் பெயர், நான் ஒருநாளும் காணாத ஒரு வாத்தியாருடைய தகப்பனின் பெயர்.

ஊரில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். சமாதானம் குழம்பித் திரும்பச் சண்டை தொடங்கியபோது அவனும் வெளிக்கிட்டான். எப்படியோ இங்கே வந்து அகதியாகப் பதிந்தான். வடக்கே, மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஓர் ஊரில் முகாமில் விட்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் எனக்கு ரெலிபோன் எடுத்தான். குரலில் ஒரே சந்தோசம்.

"அண்ணை, உங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டன்."

"என்னத்தைச் சொன்னனி?"

"கூடப்பிறந்த அண்ணை ஒஸ்லோவிலை இருக்கிறார் எண்டு. சொந்தக்காரர் இருந்தா விடுவாங்களாம், இஞ்சை முகாமிலை ஒரு ஐயா சொன்னவர். உங்கடை இஞ்சத்தைப் பேரும் விலாசமும் குடுத்திட்டன்."

"டேய், உன்ரை தகப்பன்ரை பேர் எண்டு என்னத்தைக் குடுத்தனி?"

"அப்பான்ரை பேரைத்தான். வேறை ஆற்றை பேரைக் குடுக்கிறது?"

  என் கடதாசிகளில் இருக்கிற தகப்பனின் பெயர் வேறு என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"ஐயோ அண்ணை" என்றான்.

இரண்டு கிழமைக்குள் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. உங்கள் சகோதரன் என்று சொல்லும் ஒருவரைப் பற்றிக் கதைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை காலை வரவும். அம்மா அதை வாசித்துவிட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் சோறு ஆக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைத் தொட வேண்டியிருந்தது.

வெஸ்ட்லியில் இருந்த என் கூட்டாளி ஒருவரிடம் மட்டும் யோசனை கேட்டேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். எதையும் பகிடியாகச் சொல்லுவார்.

"ஐசே, ஓம் எண்டு சொல்லிப்பாரும். கூடப்பிறந்த ரெண்டு பேருக்கும் எப்பிடி வேறை வேறை தகப்பன் எண்டு கேப்பாங்கள். ரத்தம் எடுத்துப் பாப்பாங்கள். பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே பிளேனிலை போகவேண்டியதுதான். யன்னல் சீற்றுக்கு மட்டும் சண்டை பிடியாதேங்கோ."

"இல்லை எண்டு சொன்னா?"

"இல்லை எண்டு சொன்னா அவன் தனியப் போவான்." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

என்னுடைய குடியுரிமை போனால் உங்கள் இருவருக்கும் என்ன நடக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டுப் பார்க்கவும் முடியாது. கேட்டாலே பிடிபட்டுவிடும்.

அந்தக் கிழமைதான் மகள், நீ நூலகத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவந்தாய். பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பிற்காலத்தில் கலரில் திரும்ப எடுத்தது என்று உறையில் போட்டிருந்தது. "அதே கதை, ஆக்கள் மட்டும் வேறை" என்று வாசித்துச் சொன்னாய். "அப்ப அதுகும் தலை மாத்தினதுதான்" என்றேன் நான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கதை உங்களுக்கு மறந்திருக்கும். ஒரு பெரிய ஹோட்டலில் கள்ளர் கூட்டம் ஒன்று இருக்கிறது. தலைவன் ஒரு தடியன்; கோட்டில் பூக் குத்தியிருப்பான்; சோகப் பாட்டுக் கேட்டால் அழுதுவிடுவான். சின்ன வயதில் தொலைந்த அவனுடைய தம்பி அன்றைக்கு ரயிலில் வருகிறான் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஹோட்டல் மணிக்கூட்டைத் திருத்த ஒரு அப்பாவி வருகிறான். அவனைத்தான் தம்பி என்று தூக்கிக்கொண்டு போய்க் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறார்கள். சுருட்டுக் குடிக்கப் பழக்குகிறார்கள். அவன் இருமி இருமிச் சாகப் பார்க்கிறான். துவக்கைக் கையில் கொடுத்தால் அதையும் மணிக்கூடு போலக் கழற்றி எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுக்கிறான். அதற்கு மகன் கதிரையிலிருந்து விழுந்தே சிரித்தான்.

அம்மாவுக்கு அப்போது இங்கிலிசும் ஓடாது, கீழே வருகிற நோர்வேஜிய எழுத்தும் வேகமாக வாசிக்க வராது. அதனால் நீதான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாய். தடியனுக்குத் தடித்த குரல், மணிக்கூட்டுக்காரனுக்குக் கீச்சுக் குரல். நன்றாகத்தான் செய்தாய்.

கடைசியில் இவன் தம்பி இல்லை என்பது தலைவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போது அடித்துப் போடப் போகிறான் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பொலிஸ் வருகிறது. யாரென்று தெரியாத இந்த ஆளைக் கைது செய்யப் போகிறோம் என்கிறார் இன்ஸ்பெக்டர். தடியன் எழும்பி அவனைத் தோளோடு அணைத்துக்கொள்கிறான். நீ குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னாய்:

"ஓம், இவன் என்ரை தம்பி. ஒரு தாய் வயித்திலை பிறந்தனாங்கள்."

பிறகு சமையல்காரன் சத்தியம் செய்கிறான், லிப்ட் ஓட்டுகிறவன் சத்தியம் செய்கிறான், இவனைத் தொட்டிலில் கண்டேன் என்று ஒரு கன்னியாஸ்திரி கூடச் சொல்கிறாள்.

"அப்பா, பொலிஸுக்குப் பொய் சொல்லக்கூடாது எல்லோ? பார்ணஹாகேயிலை சொன்னவை" என்று மகன் தன் பாலர் பள்ளியில் படித்ததைக் கேட்டான்.

"விசரா, இது நல்ல பொய்" என்றாய் நீ.

அப்போதுதான் நான் எழும்பிப் போனேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். இத்தனை வருடம் இந்த மொழியில் வேலை செய்தவனுக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு கேள்வியும் இரண்டு தரம் வரும், நடுவில் மூச்சு விடலாம் என்றுதான் கேட்டேன். வந்தவர் தமிழ்நாட்டுப் பெண். கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் நான் இருந்ததைப் பார்த்துவிட்டு, "உள்ள ஹீட்டர் போட்டிருக்கே சார், தொப்பிய கழட்டிக்கலாமே" என்றார்.

"இல்லை, காது குளிருது" என்றேன்.

அலுவலர் மேசையில் ஒரு படத்தை வைத்தார். தம்பி. அளவில்லாத ஒரு குளிர்ச் சட்டைக்குள் நின்றான். அவனுடைய இரண்டு காதும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. எங்கள் அப்பாவின் காதுகள். என் தொப்பிக்குள் இருந்தவையும் அவைதான்.

"இவரத் தெரியுமான்னு கேக்கறாங்க."

"தெரியாது."

"உங்கள அண்ணன்னு சொல்லியிருக்காராம்."

நான் அந்தப் பதிலை மூன்று இரவாக யோசித்து வைத்திருந்தேன். "எங்கடை ஆக்கள் ஆரையும் அண்ணை எண்டுதான் கூப்பிடுவினம். பஸ்ஸிலை காணுற ஆளும் அண்ணைதான், கடைக்காரரும் அண்ணைதான். முகாமிலை ஆரோ என்ரை விலாசத்தைக் குடுத்திருப்பினம். இந்தப் பிள்ளை அதை வைச்சு என்னை அண்ணை எண்டு சொல்லியிருக்கும்."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லா பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் தானும் என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். உண்மையா, அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று அலுவலர் அவரிடம் கேட்டார். இருக்கிறது என்றார். அது உண்மைதானே.

அலுவலருக்குத் திருப்தி. ஆள் மாறிப் போயிருக்கிறது என்று சிரித்தபடி எழுதிக்கொண்டார். எனக்கு வீண் சிரமம் தந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். கையொப்பம் வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி மட்டும் போவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் பொய் அவனுக்கு என்ன செய்யும் என்று முழுதாக நினைக்கவில்லை. இல்லாத அண்ணனை இருக்கிறான் என்று சொன்னவர், ஆகவே மற்றவற்றையும் நம்ப முடியவில்லை என்று அவனுடைய முடிவில் எழுதியிருந்தது. முழங்காலில் ஷெல் துண்டு பட்ட காயம், வீடு எரிந்தது, எல்லாமே பொய்க் கணக்கில் போய்விட்டது. எழுதியவர்களில் நான் பிழை சொல்ல மாட்டேன். நான் சொன்னதை நம்பினால் வேறு எப்படி எழுதுவது?

அனுப்புவதற்கு முதல் நாள் ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை எண்டு கூப்பிடலாமோ, இல்லாட்டி வாத்தியார் எண்டு சொல்லவோ?" என்று சிரித்தான்.

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சும்மா பகிடிக்கு அண்ணை. பிள்ளையள் இருக்கு உங்களுக்கு. நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு அது தெரியும். பின்னால் உங்கள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஆர் அங்கை கத்துறது, மூத்தவளோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். மகள், உன்னோடு கதைக்கத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. முகாமில் அவன் இருந்த ஏழு மாதத்தில் ஒருதரமேனும் நான் அங்கே போனதில்லை. யாராவது கண்டுவிடுவார்கள் என்று பயம்.

கொழும்பிலிருந்து ஒருமுறை கதைத்தான். வன்னிக்குப் போகிறேன், பெரியம்மா தனிய இருக்கிறா என்றான். பிறகு பாதை பூட்டிவிட்டார்கள். கடைசிச் சண்டை முடிந்த பிறகு, அங்கே சனத்தை அடைத்து வைத்த முகாம்களிலிருந்து வந்த பட்டியல்கள் எல்லாவற்றிலும் தேடினேன். எங்கள் அப்பாவின் பெயரோடு ஆறு பேர் இருந்தார்கள். ஒருவனும் அவன் இல்லை. தேடித் தரும்படி ஒரு நிறுவனத்துக்கு எழுதலாம் என்றார்கள். தேடுகிறவர் அவருக்கு என்ன முறை என்று அந்தப் படிவத்தில் முதல் கேள்வி. அதை நிரப்பி அனுப்ப என்னால் முடியவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்று சொல்வதற்கு இத்தனையும் எழுத வேண்டியிருந்தது. படிப்பினை என்று ஒன்றும் இதில் இல்லை. நான் திரும்ப அந்த அறைக்குப் போனாலும், உங்கள் இருவரையும் நினைத்தால், என்ன சொல்லுவேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

சண்டை முடிந்த அந்த வருடம் இலை கொட்டும் காலத்தில் எனக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. அம்மாவுக்கும் சொல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். குடும்பத்தில் யாருக்கு இருதய வருத்தம் என்ற கேள்விகளுக்கு நடுவில், சகோதரர் எத்தனை பேர் என்று இருந்தது. பக்கத்தில் எவரும் இல்லை. ஒன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே உயிரோடு இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டு பெட்டிகள். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தேன். இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டு, தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.