மின்காந்தத் துப்பாக்கியும் ஐம்பத்தாறு கிலோ பேட்டரியும்: பெங்களூரில் இரண்டு நாள்

இந்தப் பயணத்தை யாரும் உல்லாசத்துக்காகப் போக மாட்டார்கள். ஆனால் சீனப் போர் ஓய்ந்த இந்த இரண்டு மூன்று மாதத்தில், ஊருக்கு ஒருவர் ராணுவத்துக்காக எதையாவது கண்டுபிடித்து வைத்திருப்பதாகக் கேள்வி. அவர்களில் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போக நினைத்தால், நாங்கள் பட்ட பாடு அவர்களுக்கு உபயோகப்படட்டும்.

என் அக்கா புருஷன் எத்திராஜ் ஆம்பூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கட்டி முடித்ததும் உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டைப் போட்டுக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். குண்டு உள்ளேயே வட்டமாக ஓடினால் காயில் சரி என்று அர்த்தம். போன நவம்பரில் அப்படி ஓடிய குண்டு ஒன்று துள்ளி வெளியே பாய்ந்து, சுவரில் இருந்த காலண்டரைக் கிழித்தது. வேறு யாராவது என்றால் காலண்டருக்காக வருத்தப்பட்டிருப்பார்கள். மாமா துப்பாக்கி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

அதற்குக் காரணம் அவர் தம்பி தனபால். பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருஷம், இப்போது வடக்கே பனிமலையில் இருக்கிறான். அவன் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு வரி: 'காலை நேரத்தில் துப்பாக்கியின் போல்ட் இறுகிக்கொள்கிறது, சில நாள் திறக்கவே மாட்டேன் என்கிறது.' அவன் அதை ஒரே ஒரு தடவைதான் எழுதினான். மாமா அதைத் தினமும் படித்தார். தோட்டாவை உள்ளே தள்ளும் அந்தப் போல்ட்டே இல்லாத, வெடிமருந்தே வேண்டாத துப்பாக்கி இருந்தால் தம்பி பிழைப்பான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் விடுகிற ஆள் இல்லை அவர்.

ஒன்றரை அடிப் பித்தளைக் குழாய், அதன் மேல் மூன்று காயில், தலை வெட்டிய இரும்பு ஆணிதான் தோட்டா. விசையை அழுத்தினால் காயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆணியை இழுத்து வெளியே தள்ளும். சத்தம் கிடையாது, புகையும் கிடையாது. ஆம்பூரில் ஆறு தப்படி தூரத்தில் இருந்த மாம்பலகையில் அரை அங்குலம் இறங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். மாமா சொல்லச் சொல்ல நான்தான் மனு அடித்தேன். பெங்களூரில் உள்ள ஒரு ராணுவ அலுவலகத்திலிருந்து, சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கருவியுடன் வரலாம் என்று பதில் வந்தது.

பொங்கல் முடிந்த நாலாம் நாள், வெள்ளிக்கிழமை காலை 9.20க்கு ஆம்பூரில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு மூன்று ரூபாய் எண்பது நயா பைசா. துப்பாக்கி நாலு கிலோ. அதற்குக் கரண்ட் கொடுக்கும் லாரி பேட்டரிகள் இரண்டும் ஐம்பத்தாறு கிலோ. இந்தக் கணக்கு பார்சல் ஆபீஸ் தராசில் ஏறின அன்றே எனக்கு உறுத்தியது. சொன்னால் கேட்கிறவரா? பேட்டரிகளை அடுக்கிய மரப்பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பங்காருப்பேட்டை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கோ ஓரிடத்தில் உட்கார வராது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறினேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி 2.05. வெயில் இருந்தும் காற்று சில்லென்றது. ஜட்காக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சாமி இது, பேட்டரியா? தண்ணி சிந்திச்சின்னா குதிர கால் வெந்துடும். பொட்டிக்குத் தனியா எட்டணா குடு."

"குடுக்கறேன், மெதுவா ஓட்டுங்க பாய்" என்றார் மாமா.

ரயிலில் வந்த பேட்டரியை நம்ப முடியாது என்று, சிவாஜிநகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் இரவெல்லாம் சார்ஜ் போட விட்டோம். கூலி இரண்டுக்கும் மூன்று ரூபாய். பிறகு அங்கிருந்து ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். ராகி உருண்டையும் கோழிக்குழம்பும் கிடைத்தன. மாமா பாதியில் எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்றோம். பனியில் எதிர்க்கடை தெரியவில்லை. பெட்டியை ஆட்டோவில் ஏற்றி 7.10க்கு அலுவலகம் போனால், உள்ளே விட்டது 9.45க்கு. அந்த இரண்டரை மணி நேரத்தில் வேலி ஓரமாக நான் எத்தனை தடவை நடந்தேனோ, காவல்காரர் இரண்டு தடவை கூப்பிட்டு யார் என்று கேட்டார்.

பின்பக்க மைதானத்தில் எங்களைப் பார்த்தவர் ஒரு சுபேதார். நரைத்த மீசை, பெங்களூர்த் தமிழர். அவர் சரி என்றால்தான் பெரிய அதிகாரி பார்ப்பாராம். ஆறு தப்படியில் பலகை நிறுத்தினார்கள். முதல் ஆணி கால் அங்குலம்தான் இறங்கியது. இரண்டாவது பலகையில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது பலகைக்குப் போய்ச் சேரவே இல்லை, புல்லில் விழுந்தது.

"எங்க ஊர்ல நல்லா சுட்டுது சார்" என்றார் மாமா.

"உங்க ஊர்ல சண்ட இல்லியேப்பா."

மாமா குனிந்து பேட்டரி மேல் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. குளிரில் பேட்டரி வலு குறையும் என்பது அவருக்குத் தெரியாததா? மார்கழியில் ஸ்டார்ட் ஆகாத லாரிகளை அவரே தள்ளியிருக்கிறார். ஆனால் துப்பாக்கியை அவர் சோதித்ததெல்லாம் பட்டறையில், தகரக் கூரைக்குக் கீழே, பட்டப்பகலில். பெங்களூர்க் குளிருக்கே இந்த கதி என்றால் பனிமலையில் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுபேதார் பெட்டியின் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "சுடறவன் ஒருத்தன், தூக்கறவன் ரெண்டு பேரு. பின்னால ஓடி வான்னு ஆர்டர் வந்தா யாருப்பா ஓடறது? மலை மேல சார்ஜ் போடறதுக்குக் கடை எங்க இருக்குது? ஐடியா தப்புன்னு நான் சொல்லல. உள்ளங்கை அளவுல இந்த வலு அடங்கற பேட்டரி ஒண்ணு வரட்டும், அன்னிக்கு எடுத்துட்டு வா."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம்கூட வரவில்லை, கிளம்பினால் போதும் என்றிருந்தது. அப்போது அவர் சாதாரணமாகக் கேட்டார், "எதுக்கு இவ்ளோ பாடு?"

மாமா தம்பியைப் பற்றியும், அந்த ஒரு வரியைப் பற்றியும் சொன்னார்.

"அதுக்கு நீ இன்னா எழுதின?"

"தாராளமா எண்ணெ விடுடான்னு எழுதினேன் சார். மிஷின் எண்ணெ, நல்லதா பாத்து டின்னுல அனுப்பியிருக்கேன். ரெண்டு தடவ."

சுபேதார் மெதுவாகச் சொன்னார். "அந்தக் குளுருல எண்ணெ மெழுகாட்டம் ஒறஞ்சிடும்பா. போல்ட் இறுகறதே அதனாலதான். ஒரு சொட்டு இல்லாம தொடச்சி, வறட்டுன்னு வெச்சிக்கணும். ராத்திரி கம்பளிக்குள்ள போட்டுக்கினு படுக்கணும். நாங்க அப்பிடித்தான் படுத்தோம்."

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. இறுகிப்போனால் எண்ணெய் விடு என்பது பட்டறைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பதில். அதை நம்பித் தம்பி எண்ணெய் விட்டிருந்தால்? அவர் துப்பாக்கியை எடுக்கவில்லை, பெட்டியை எடுக்கவில்லை, விடைகூடப் பெறவில்லை. கேட்டை நோக்கி ஓடினார். நாற்பத்திரண்டு வயது மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

தந்தி ஆபீஸ் ஒன்றரை மைல். ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் ஓடியே போனோம். எண்ணெய் வேண்டாம், துடைத்துவிடு, உலர்த்தி வை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பட்டாளத்து முகவரிக்கு இப்படி ஒரு வாசகமா என்று குமாஸ்தாவுக்குச் சந்தேகம். ஏதாவது சங்கேதமா என்று கேட்டார். இருபது நிமிஷம் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டு, "ஒரு எடம் வரைக்கும்தான் சார் தந்தி போகும். அப்புறம் தபால்லதான் போகணும். எத்தன நாளுன்னு சொல்ல முடியாது" என்றார்.

மாமா அந்தக் கவுன்டரிலேயே நின்றார். போகலாம் என்று இழுத்தும் வரவில்லை. அவரைத் திட்ட வாய் திறந்தவன், தந்தி ரசீதை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

இதே பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரியில் போகாதீர்கள், அல்லது ஜனவரியில் மட்டும் போங்கள். உங்கள் கருவி வெயிலுக்கு மட்டும் பிறந்ததா என்று உடனே தெரிந்துவிடும். பேட்டரி மூடிகளுக்கு மெழுகு வைத்து அடையுங்கள், அமிலம் சிந்தி என் வேட்டியில் ஏழு ஓட்டை. ஆட்டோவை விட ஜட்காவில் குலுக்கல் குறைவு. கருவியின் எடையை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள், அதைக் கட்டிக்கொண்டு ஒரு பர்லாங் ஓடியும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கருவி போகப்போகிற இடத்தில் இருந்து வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசிவிடுங்கள். நாங்கள் இரண்டு மாதம் காயில் சுற்றியதற்குப் பதில் அந்த அரை மணி போதுமாயிருந்திருக்கும்.

மறுபடி அலுவலகம் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் ஊர் திரும்பினோம். துப்பாக்கியைச் சுபேதாரிடமே விட்டுவிட்டார் மாமா. அதற்குப் பிறகு அவர் தபால்காரரைத் தெருமுனையிலேயே போய் மறிக்க ஆரம்பித்தார். பட்டறையில் கட்டிய காயில்கள் இரண்டு எரிந்து திரும்பி வந்தன. அக்கா என்னிடம் வந்து அழுதாள். இருபத்தாறாம் நாள் கடிதம் வந்தது. மாமா பிரிக்கவில்லை, என் கையில் கொடுத்தார்.

தனபால் எழுதியிருந்தான்: 'அண்ணா, தந்தியைப் பார்த்து இங்கே எல்லோரும் பயந்துபோனார்கள். வீட்டில் அனைவரும் நலம்தானே? துப்பாக்கியில் எண்ணெய் விடக் கூடாது என்று எங்கள் ஹவில்தார் எப்போதோ சொல்லிவிட்டார், அதன் பிறகு இறுகுவதில்லை. உன் எண்ணெயை நாங்கள் பத்துப் பேரும் பூட்ஸுக்குப் பூசிக்கொள்கிறோம். கால் நனைவதில்லை. டின் தீர்ந்துவிட்டது. இன்னும் இருந்தால் அனுப்பு.'

இன்னொரு தடவை படி என்றார் மாமா. படித்தேன். மூன்றாம் தடவை கேட்க ஆளில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கடைக்குப் போயிருந்தார்.