கியர்பொக்ஸை ஏன் வீட்டிலேயே மாற்றினேன்

என் மனைவியின் காரைக் கெடுத்தவன் நான்தான். பழியை அவள்மேல் போட்டவனும் நான்தான். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு அவள் கார் ஓட்டுவதையே விட்டபோது, அப்பாடா என்று மூச்சு விட்டவனும் நானே!

சுற்றி வளைக்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதே நெஞ்சு லேசாகிறது. அந்த லேசைப் பற்றியும் நீங்கள் கேட்டாக வேண்டும்... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸறீனா ஆசிரியை. எங்கள் வீடு சாய்ந்தமருதில், அவளுடைய பள்ளிக்கூடம் வரிப்பத்தான்சேனையில். பஸ் மாறி மாறிப் போய்வந்து களைத்தவள், தன் உழைப்பில் ஒரு சிறிய ஜப்பான் கார் வாங்கினாள். ஒட்டோ கியர். கிளட்ச் மிதிக்கும் தொல்லை இல்லாததால் விரைவிலேயே ஓட்டப் பழகிவிட்டாள். காலையில் அபாயாவை ஒதுக்கிக்கொண்டு அவள் ஸ்டியரிங்கின் முன் அமர்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். பொறாமையும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் இந்த எழுத்துக்கே அர்த்தமில்லை.

நான் மருதமுனையில் பிறந்தவன், அங்கே கைத்தறிச் சாரன் கடை வைத்திருப்பவன். ஆனால் இயந்திரங்களைப் பற்றி வாய் திறந்தால் மூடமாட்டேன். வீடியோ பார்த்தே பாதி மெக்கானிக் ஆகிவிட்டவன் என்று ஸறீனா கேலி செய்வாள்.

ஒருநாள், யாரும் கேட்காமலே, அவளுடைய காரின் கியர் ஒயில் அளவைப் பார்த்தேன். குறைந்திருந்தது. முன்பு எங்களிடம் இருந்த வேனுக்காக வாங்கிய சிவப்பு ஒயில் அரைப் போத்தல் மிச்சமிருந்தது. எடுத்து ஊற்றிவிட்டேன். அந்தக் காருக்கென்று தனி ஒயில் உண்டு, வேறெதையும் ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கிக் கருகிவிடும். எச்சரிக்கை மூடிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. நான் வாசிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் எதற்காக வாசிக்க வேண்டும்?

சில வாரங்களில், வீரமுனையைத் தாண்டி வயல்வெளி நடுவே கார் நின்றுவிட்டது. எஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். "பொம்புளையள் ஓட்டினா இப்படித்தான்" என்றார் ஓர் ஆட்டோக்காரர், என்னைப் பார்த்து, ஏதோ அனுதாபம் சொல்வதுபோல.

கியர் ஒயிலின் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தேன். கருகிய வாடை. அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது.

"என்னாலயா?" என்று கேட்டாள் ஸறீனா.

சில நாட்களுக்கு முன் அவளே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் கார் முழுதாக நிற்குமுன் ரிவர்ஸ் போட்டுவிட்டாளாம், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதாம். நம்பிச் சொன்னதை எடுத்து அவளையே அடித்தேன்.

"அண்டைக்கு ஓடக்கொள்ளயே ரிவர்ஸ் போட்டாய்தானே, அதுதான்" என்றேன்.

அவள் சாவியை என் கையில் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்க்காமல் போய் நின்றாள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கல்முனையில் கராஜ்களுக்குப் பஞ்சமா? இல்லை. ஆனால் எந்த மெக்கானிக் திறந்தாலும் முதலில் ஒயிலைப் பார்ப்பான், முதலில் "ஆர் இதை ஊத்தின?" என்று கேட்பான். ஆகவே, கராஜ்காரர்கள் ஏமாற்றுவார்கள், நானே வீட்டில் மாற்றுகிறேன் என்று அறிவித்தேன். மனைவிக்காக மண்ணில் படுத்து வேலை செய்யும் மாப்பிள்ளை என்று அக்கம்பக்கம் மெச்சியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குப் பாராட்டு வேறு!

அது நோன்பு மாதம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஜப்பானிலிருந்து வந்த, பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தனியாகத் தூக்கக்கூடிய சாமானில்லை அது. ஸறீனாவின் தம்பி றிஸ்வானை அழைத்தேன். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவன். அவனுடைய வாயை அடைத்துவிடலாம் என்று எண்ணினேனா, அல்லது அவன் கவனிக்கமாட்டான் என்று எண்ணினேனா... இன்றுவரை எனக்கே தெரியாது.

காரின் முன்பக்கத்தை உயர்த்தி முட்டுக் கொடுத்தோம். சக்கரங்களைக் கழற்றினோம், சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை இழுத்தெடுத்தோம். எஞ்சின் சரிந்துவிடாமல் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டுச் சங்கிலியால் கட்டினோம். பிறகு றிஸ்வான் அடியில் ஒயில் பிடிக்க ஒரு பேசினை வைத்து, பழைய கியர்பொக்ஸின் ஒயிலைத் திறந்துவிட்டான்.

கறுப்பாக வந்தது. ஓரங்களில் சிவப்பு. அவன் விரலில் தொட்டுத் தேய்த்தான், முகர்ந்தான்.

"ஆரு மச்சான் இந்தச் செவப்பு ஒயில ஊத்தின?"

"தெரியா. வித்தவன் ஊத்தியிருப்பான்" என்றேன். நோன்பு வாயால் சொன்னேன்.

அவன் கண் மெல்லச் சுவரோரம் போனது. அங்கே என் அரைப் போத்தல் காலியாக நின்றது. பிறகு விரலைச் சாரனில் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸறீனா வெளியே வந்தாள். "தம்பி, உண்மையச் சொல்லு. நான் ரிவர்ஸ் போட்டதாலதானா?"

றிஸ்வான் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்படித்தான் போல ராத்தா" என்றான்.

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான், கடைசிவரை விருந்தாளியின் மரியாதையோடு இருப்பான். அவள் உள்ளே போனதும் றிஸ்வான் தணிந்த குரலில் சொன்னான். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளய வீட்டுக்குள்ள வெச்சிக் கேவலப்படுத்தேலா மச்சான். நீங்களே ஒருநாளைக்கிச் சொல்லிருங்க."

"ஓம்" என்றேன்.

புதியதை ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. எஞ்சினோடு பொருந்தும் வட்டமான பாகத்தைச் சுற்றிச் சுற்றி அமர்த்த வேண்டும். முழுதாக அமர்ந்ததா என்று தெரியாமல் போல்ட்டை இறுக்கினால் உள்ளே நொறுங்கிவிடும். றிஸ்வான் கண்களை மூடிக்கொண்டு கையாலேயே பார்த்து, "இரிந்திட்டு" என்றான். சரியான ஒயிலை அவனே வாங்கி வந்திருந்தான்.

கார் நகர்ந்தது! முன்னுக்கும் பின்னுக்கும் வெண்ணெயாக நகர்ந்தது. வீடே சிரித்தது. பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை அன்று நான் வயிறு நிறையக் குடித்தேன். மறுநாள் பழைய இரும்பு வாங்குபவர் வந்து கருகிய கியர்பொக்ஸைக் கொண்டு போனார். சாட்சி போயிற்று... எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல?

ஸறீனா மட்டும் திரும்பவும் ஓட்டவில்லை. "எனக்கு வேணாம். இதையும் ஒடைச்சிருவன்" என்றாள். பழையபடி பஸ்ஸில் போனாள். அவளுடைய காரில் நான் கடைக்குப் போனேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பாயில் உறங்கின. அப்படியே இரண்டு நோன்பு மாதங்கள் போயின.

சில மாதங்களுக்கு முன், அவளுடன் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கார் வாங்க ஆசை, யோசனை கேட்க வந்திருந்தாள். ஸறீனா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நமக்கு இது சரிவராது புள்ள. நான் ஒரு கியர்பொக்ஸையே நாசமாக்கினவ." அந்தப் பிள்ளையின் முகம் வாடியது. என் பொய் இன்னொருத்தியின் ஆசையிலும் கை வைக்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது.

அவள் போனதும் குசினிக்குள் போய்ச் சொல்லிவிட்டேன். போத்தல், வாடை, வயல்வெளி, எல்லாவற்றையும். ஸறீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்து, கழுவி, கையையும் கழுவினாள்.

"ரெண்டு வருஷம் பஸ்ஸில தொங்கியிரிக்கன்" என்றாள்.

எனக்கோ உள்ளுக்குள் என்ன ஒரு ஆறுதல்! சொல்லிவிட்டேன், இனி மறைக்க ஒன்றுமில்லை... அந்த மயக்கத்தில் நிற்கும்போதுதான் அவள் கேட்டாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நூறு பொய் சொன்னவனுக்கு, தன் மானத்தைக் காத்தவனுக்காக இன்னொரு பொய் பாரமா? ஆனால் உண்மை சொல்லும் சுகம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டிருந்தது.

"ஓம். அண்டைக்கே தெரியும்" என்றேன்.

அவள் வெட்டிய மீனை மூடி வைத்தாள். பிறகு, "நீங்க பயத்தில பொய் சொன்னீங்க. அவன் என்ட கூடப்பொறந்தவன்" என்றாள்.

மறுநாள் காலையில் சாவியை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போனாள். இன்று வரிப்பத்தான்சேனைக்கு அவளே போய்வருகிறாள். என்னை அவள் மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் என்னோடு கதைக்கிறாள். தம்பியோடு கதைப்பதில்லை.

போன கிழமை றிஸ்வான் வழமைபோல மீன் கொண்டு வந்தான். கடப்படியில், வேலி வாசலிலேயே நின்று "ராத்தா" என்று கூப்பிட்டான். ஸறீனா உள்ளறைக்குள் போய்விட்டாள். நான்தான் வெளியே போனேன்.

"சொல்லிட்டீங்க போல மச்சான்."

"ஓம்."

"என்னையும் சேத்து?"

"ஓம்."

அவன் மீன் பையை என் கையில் தந்தான். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை.

"சரி. இப்ப உங்களுக்குச் சொகமா இரிக்கா?" என்று கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவன்போலக் கேட்டான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால், சுகமாகத்தான் இருந்தது.