ஜப்பான்காரன் காலத்து மாப்பிள்ளை

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்யாணச் சந்தை தலைகீழாகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளைக்குக் கை கால் திடமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற சேதி கீழே தானா ராத்தா டவுனிலிருந்து மேலே ஏறி வந்ததும், திடமானவனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. முதலில் பிடிபடுவது அவன்தானே. காலைச் சாய்த்து நடப்பவர், ஒரு கண் மங்கியவர், இரண்டாம் தாரம் தேடிக்கொண்டிருந்த கிழவர் எல்லாருக்கும் திடீரென்று மவுசு கூடியது. பெண் பார்க்க வந்த இடத்தில் சிலர் வேண்டுமென்றே இருமியதை நானே கேட்டிருக்கிறேன்.

என் அப்பா எனக்குப் பார்த்தவர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த இழுப்புக்காரர். நின்று நின்று மூச்சு வாங்காமல் லயத்து வீட்டுப் படி ஏற மாட்டார். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அப்பா அவரைப் புகழ்ந்த புகழ்ச்சியில் அவருடைய குணம் ஒரு தடவைகூட வரவில்லை.

"டாக்டரே கைவிட்ட இழுப்பும்மா. எந்த சப்பான்காரனும் தொட மாட்டான்" என்றார் பெருமையாக.

அம்மா செத்த பிறகு ஒற்றை ஆளாக என்னை வளர்த்தவர் அப்பா. பயம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். சிப்பாயைக் கண்டால் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும், தவறினால் அறை விழும் என்பது அப்போதைய சட்டம். அப்பா லோரிச் சத்தம் கேட்டாலே வளைந்துவிடுவார். ஒரு நாள் பள்ளத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். ரோட்டோரம் பழுதாகி நின்ற ஒரு லோரிக்கு, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை, அப்பா குனிந்து நின்றார். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பேக்டரிக்கு விறகு வெட்டும் ஒருவர் வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அதே லோரிக்கு அதே மாதிரி குனிந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பா நிமிர்ந்த பிறகுதான் அவரும் நிமிர்ந்தார்.

கட்டினால் இவரைத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அவருக்கோ தோட்டத்திலேயே அகலமான தோள்.

"அந்தத் தோளப் பாத்தியா? லோரியில மொதல்ல ஏத்துறது அவனத்தான். நீ தாலியறுத்துட்டு வந்து நிக்கப் போற" என்றார் அப்பா.

"நிக்கிறேன். அதுவரைக்கும் அவரோட இருந்துட்டுப் போறேன்" என்றேன்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் என் புருஷனைப் பயம் பார்த்துக் கொடுக்க வேண்டாம் என்றிருந்தது. அப்பா ஒப்புக்கொண்டதும் பெருந்தன்மையால் அல்ல, நான் ஆற்றில் விழுந்துவிடுவேனோ என்று பயந்துதான். தங்கத்துக்கு எங்கே போவது, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து தாலி கட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மூவரும் ஒரே லயத்து வீட்டில் இருந்தோம். விறகு வெட்டப் போனவர் திரும்பும் நேரத்தில் வாசலில் போய் நிற்பது அப்பாதான். அவித்த மரவள்ளியில் பெரிய துண்டை மாப்பிள்ளை தட்டில் வைப்பார். வைத்துவிட்டு, "ரொம்பத் தின்னாதீங்க, உடம்பு ஏறிடும்" என்று அவரே கவலைப்படுவார்.

அடுத்த மழைக்காலத்தில் லோரி வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று உத்தரவு. சிப்பாய்கள் லோரிப் பக்கம் நிற்க, கங்காணி ஒவ்வொரு வீடாக வந்து, எங்கள் வாசலில் என் புருஷனைக் கைகாட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார். அதற்குள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"வீட்டுக்கு ஒரு ஆளுதானே கங்காணி? நான் வரேன்."

"நீயா? வயசானவன்யா நீ."

"தலைதானே கேட்டான். எனக்கும் ஒன்னு இருக்குலா."

கங்காணிக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். என் புருஷன் பாய்ந்து போய் அப்பாவைப் பிடித்து இழுத்தார். அப்பா அவரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"பிடிச்சு வச்சுக்கம்மா அவன" என்றார்.

இரண்டு பேர் தூக்கிவிட்டுத்தான் அப்பா லோரியில் ஏறினார். இத்தனை காலமும் அந்த மனுஷர் தனக்காகப் பயந்ததே இல்லை என்பது லோரி கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தி அழ வேண்டும் போலிருந்தது.

என் புருஷன் திமிறினார். விட்டால் லோரிக்குப் பின்னால் ஓடிவிடுவார். இரண்டு கையாலும் அவரை இறுக்கிப் பிடித்திருந்ததால், அப்பாவுக்குக் கை காட்டக்கூட என்னால் முடியவில்லை. சயாமிலிருந்து அப்பா திரும்பி வரவில்லை.