ஐம்பது டிகிரி வித்தியாசம்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என் கணவர் குவைத்துக்குப் போய்விட்டார். ஏசி மெக்கானிக் வேலை. நான் அப்போது பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் லேபில் இருந்தேன். மாம்பழ சீசன் முடிந்தால் அந்த வேலையும் முடிந்துவிடும். திருப்பதியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, உணவுப் பரிசோதனை தெரிந்த ஆளைத் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கெமிஸ்ட்ரி படித்தவள், டிரம் டிரம்மாகக் கூழின் இனிப்பை அளந்தவள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா முதலில் கேட்டது, "மீ ஆயன எக்கட உன்னாரு?" என்பதுதான். உன் வீட்டுக்காரர் எங்கே? குவைத் என்றதும் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. திருப்பதியில் எப்போதும் கூட்டம்தான். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவர்கள் மலைக்குப் போய்விட்டு மறுநாள் ஊர் திரும்புகிறவர்கள். மறுபடியும் பார்க்கப்போவதில்லை.

நாங்கள் ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அறையில் தெலுங்கு, ஆபீசில் தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் பேச வெள்ளிக்கிழமை வரவேண்டும். அன்றுதான் அவருக்கு லீவு.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"சும்மாதான் கீறேன். துன்னீங்களா?"

"ஆச்சி. நீ?"

"ஆச்சி."

வாரம் முழுக்கச் சொல்ல நிறைய இருப்பதுபோல இருக்கும். லைன் கிடைத்ததும் ஒன்றும் வராது.

ஆபீசில் மற்றவர்கள் ஓட்டல்களுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் வெப்சைட் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தனி மேசை, தனி வேலை. நார்வேயில் இருந்த ஒரு கம்பெனி, பல நாட்டுப் பழக்கூழ் ஃபேக்டரிகளின் பரிசோதனை முடிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஃபேக்டரி சூடு 90 என்று எழுதும், இன்னொன்று 194 என்று எழுதும். முதலாவது செல்சியஸ், இரண்டாவது ஃபாரன்ஹீட், சூடு ஒன்றேதான். பார்க்கிற மனிதனுக்குப் புரிந்துவிடும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. ஒவ்வொரு எண்ணும் எந்தப் பொருளைப் பற்றியது, அதன் எந்தக் குணத்தைப் பற்றியது, எந்த அலகில், எந்தக் கருவியால் அளந்தது என்று வகைபிரித்து, வகைகளுக்குள் என்ன உறவு என்பதையும் கம்ப்யூட்டருக்கு விளங்குகிற மாதிரி எழுத வேண்டும். ஆன்டாலஜி என்றார்கள். அந்த வார்த்தையை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நார்வேயிலிருந்து ஒருவர் போன் செய்வார். நான் எழுதி அனுப்பியதை வரிவரியாகப் பார்த்துத் திருத்துவார். மின்னஞ்சலில் அவர் பெயர் மூன்றே எழுத்து. அதை வைத்து எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாது. சுத்தமான, உணர்ச்சியில்லாத இங்கிலீஷ்.

ஒரு வியாழன், ஒரே டிரம்மில் இரண்டு முறை அளந்த இனிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு முறை 14.2, இன்னொரு முறை 14.6. நான் கூழின் இனிப்பு என்ற ஒரே இடத்தில் இரண்டு எண்களையும் எழுதியிருந்தேன். அவர் கூடாது என்றார். ஏன் என்று விளக்கினார். மறுபடியும் விளக்கினார். எனக்குத் தலை சுற்றியது. மைக்கை மூடிவிட்டேன் என்று நினைத்து, "இன்னா சொல்லிக்கினு கீறாரு இவரு, ஒண்ணும் பிரியலியே" என்று முனகினேன்.

மைக் மூடியிருக்கவில்லை. மறுமுனையிலிருந்து தமிழில் குரல் வந்தது.

"நான் சொன்னது விளங்கேல்லையோ?"

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்கள் தமிழோ? ஆந்திரா எண்டு சொன்னவை. தெலுங்கு எண்டுதான் நினைச்சன்."

"தமிழ்தான் சார். பார்டர்ல கீறோம். நீங்க?"

"நான் யாழ்ப்பாணம். இஞ்சை வந்து கனகாலம்." உடனே மறுபடி அதே விஷயத்துக்கு வந்தார். "கூழுக்கு இனிப்பு ஒண்டுதான். அளந்தது ரெண்டு தரம். இனிப்பை ஒரு பக்கம் வையுங்கோ. அளந்ததை வேறை பக்கம் வையுங்கோ. ஆர் அளந்தது, எப்ப அளந்தது, எந்தக் கருவி, எல்லாம் அளந்ததோடை போகட்டும். சரியோ?"

ஒரே மூச்சில் புரிந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமைகள் தமிழில் நடந்தன. சில நேரம் அவர் தமிழ் எனக்கும் என் தமிழ் அவருக்கும் எட்டாமல் போகும். சாப்பிடுவதைத் 'துன்றது' என்று நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அளவு என்ற வார்த்தையில் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டோம். பொருளின் குணத்துக்கும் அளவு என்கிறோம், கருவி காட்டும் எண்ணுக்கும் அளவு என்கிறோம், சட்டைக்கும் அளவுதான். "எங்கடை சனம் எல்லாத்தையும் ஒரு சொல்லிலை கட்டி வைச்சிருக்குது" என்றார்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள், வேலையைத் தொடங்கும் முன், "அங்கை இப்ப வெயிலோ?" என்று கேட்டார்.

"முப்பத்திரெண்டு கீது சார். உங்க ஊர்ல?"

"மைனஸ் பதினெட்டு. காரை எடுக்க ஏலாமல் நடந்து வந்தனான். ஐம்பது டிகிரி வித்தியாசம், பாருங்கோ."

விளையாட்டாக அந்த ஐம்பதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபாரன்ஹீட்டாக மாற்றச் சொன்னேன். 122 என்று வந்தது. தாளில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். என் ஊர் 89.6, அவர் ஊர் மைனஸ் 0.4. வித்தியாசம் 90தான்.

"சார், தப்பா வருது" என்றேன்.

அவரும் போட்டுப் பார்த்தார். வெப்பநிலை வேறு, வெப்பநிலையின் வித்தியாசம் வேறு. முதலாவதை மாற்றும்போது முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும், இரண்டாவதற்குக் கூட்டக் கூடாது. இரண்டும் டிகிரிதானே என்று நாங்கள் ஒரே வகையில் வைத்திருந்தோம். கூழ் எத்தனை டிகிரி குளிர்ந்தது என்று ஃபேக்டரிகள் அனுப்பிய எண்கள் எல்லாம் தப்பாக மாறிக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் பிரித்தோம். வேறு எதில் இப்படி இருக்கும் என்று தேடினோம். தேதி வேறு, நாட்களின் இடைவெளி வேறு. கடல் மட்டத்திலிருந்து உயரம் வேறு, இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள உயரம் வேறு. வாரங்கள் ஓடின. முதலாளி என் மேசைக்கு வந்து, "ரெண்டூ டிக்ரீலே கதா அம்மா?" என்றார். ரெண்டும் டிகிரிதானே. விளக்கினேன். அவர் சரி என்று போய்விட்டார். புரிந்ததா தெரியாது. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. வியாழக்கிழமை சொல்ல விஷயம் இருந்தது, அது போதும்.

மழைக்காலத்தில் ஒரு வியாழன் போன் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. நார்வே கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது, வேலை இத்தோடு முடிந்தது, பணம் வந்துவிட்டது என்று முதலாளி சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. வேறு நம்பர் எதுவும் என்னிடம் இல்லை. கேட்கத் தோன்றியதே இல்லை. மத்தியான நேரத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண் என்ன பாட்டு என்று கேட்டாள்.

அடுத்த கோடையில் கணவர் லீவில் வந்தார். முதல் சில நாள் ஒருவருக்கொருவர் விருந்தாளியைப் போலத்தான் இருந்தோம். ஒரு மத்தியானம், என்ன வேலை செய்தாய் என்று அவர் கேட்க, யாழ்ப்பாணத்துக்காரரைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தாளுக்கு குடும்பம் கீதா?"

"கேக்கல."

"அத்தினி மாசம் பேசிக்கினு இருந்துட்டு கேக்கலியா?" சந்தேகம் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான்.

"உங்க ரூம்ல எத்தினி பேர் கீறாங்கன்னுகூடத்தான் நான் கேட்டதில்ல."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஆறு பேர், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில். கடப்பாக்காரர் ஒருவர் தூக்கத்தில் பேசுவார். சமையலுக்கு முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் வைக்கும் ரசம் யாருக்கும் பிடிக்காது. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஏசி பெட்டியைத் தொட்டால் கை பொசுங்கும். முதல் மாதம் பாத்ரூமில் போய் அழுததையும் சொன்னார். வெளிச்சம் மங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விளக்கைக்கூடப் போடவில்லை.

லீவு முடிந்ததும் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். ஒரு ஆஸ்பத்திரி லேப் வேலை புதிதாக வந்திருந்தது. ரத்தப் பரிசோதனை எண்களை வகைபிரிக்க வேண்டும். இந்த முறை எதிர்முனையில் ஆள் கிடையாது, தாள்கள்தான்.

"ஆயன வெள்ளிப்போயாரா?" என்று முதலாளி கேட்டார். போய்விட்டாரா?

"வெள்ளிப்போயாரு" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.