விலா எலும்பு தெரியும் பிள்ளை

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை நாய்க்கு ஸ்வெட்டர் மாட்டுவது. பிறந்து முப்பத்தைந்து வருஷம் நான் ஸ்வெட்டர் போட்டவனில்லை. விருத்தாசலத்து வெயிலில் எவனாவது ஸ்வெட்டரோடு நடந்தால் குளிர்சுரம் என்று பிடித்துப்போய் ஊசி போட்டுவிடுவார்கள். இங்கே அயர்லாந்தில் என் நாய்க்கு மூன்று இருக்கிறது: மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, வீட்டுக்குள் படுத்துக்கிடக்க ஒன்று. நீளமான தலையை முதலில் நுழைக்க வேண்டும். பிறகு, கால் கழுவிவிடும் மைத்துனனிடம் மாப்பிள்ளை காலைக் கொடுப்பதுபோல, அவன் ஒவ்வொரு காலாகக் கொடுப்பான். தெருவில் இறங்கினால் எதிரே வருகிற கிழவர்கள் எல்லாம், "இன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். இந்த ஊரில் மரியாதையாக விசாரிப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் பல வாரம், "பரவாயில்லை, முதுகுவலிதான் விடவில்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெரியவர் குனிந்து நாயின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "முதுகு நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். அன்றைக்குத்தான் தெரிந்தது, என்னை யாரும் விசாரிக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கூடமொன்றில் மண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, ஓரம் சுரண்டுகிற வேலை பார்த்தேன். என் மனைவி வசந்தி நர்ஸ். அவளுக்கு இந்த நாட்டில் வேலை கிடைத்தது; அவள் பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாக வந்து இறங்கினேன். இப்போது ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் துலக்குகிறேன். எங்கள் தெருக்கோடியில் நோரா என்று ஓர் அம்மாள். தபால் கொடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் கிரேஹவுண்ட் என்கிற நாய்களைப் பந்தயத்துக்கு ஓட விடுவார்கள். ஓடி முடித்த நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பது நோராவின் வேலை, அதாவது சம்பளமில்லாத வேலை. ஒருநாள் என்னை நிறுத்தி, "உன் வீட்டில் சோஃபா இருக்கிறதா?" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற தோரணை. "இருக்கிறது, மூன்று பேர் உட்காரலாம்" என்றேன், கொஞ்சம் கர்வத்தோடே. "நல்லது, அவன் நீளத்துக்குச் சரியாக இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் எங்கே உட்காருவீர்கள்?" என்றார் நோரா. இப்படித்தான் பார்னி எங்கள் வீட்டுக்கு வந்தான்.

நாலு வயது. ஒரு பந்தயத்தில் பின்னங்கால் கணு உடைந்து, ஒட்டவைத்து, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கென்னல் என்கிற கொட்டடியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் வீடு என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவில் போய் முட்டினான். டிவிக்குள் ஆள் பேசினால் பின்பக்கம் போய்ப் பார்த்தான். மாடிப்படி முன்னால் போய் நின்றான் பாருங்கள், அது டப்ளின் விமான நிலையத்தில் எஸ்கலேட்டர் முன்னால் நான் நின்ற அதே நிற்பு. என்னை வசந்தி கையைப் பிடித்து இழுத்தாள். இவனுக்கு நான் ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்துப் படியேறக் கற்றுக்கொடுத்தேன். தெருவில் நடந்துகொண்டே இருப்பவன் திடீரென்று சிலையாக நின்றுவிடுவான். இழுக்கக் கூடாது, அவனாக மனசு வைக்க வேண்டும். நோரா நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான், தொட்டு எழுப்பாதே. தோல் காகிதம்போல, முள்வேலிப் பக்கம் விடாதே. தினமும் பல் தேய்த்துவிடு. வெங்காயம் கூடாது. வெந்த எலும்பு கூடவே கூடாது. சாப்பாட்டை அளந்து போடு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆறு வாரம் ட்ரயல். அது முடிந்ததும் நோரா வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் நாய் திரும்பிப் போகும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு வீடியோ கால் போட்டு அவனைக் காட்டினேன்.

"எம்மா, இவன்தான் பார்னி."

"பரணியா? நல்ல பேருதான்" என்ற அம்மா போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டாள். "ஏன்டா, இந்தப் புள்ளைக்குச் சோறு போடுறீங்களா இல்லியா? வெலா எலும்ப எண்ணலாம் போலருக்குது!"

"இந்த ஜாதி இப்பிடித்தாம்மா இருக்கும்."

"எந்த ஜாதிடா சோறு துன்னாம இருக்கும்? வூட்டுக்கு வந்த வாயில்லாப் புள்ளைய எளைக்க வச்சிட்டு ஜாதி மேல பழியப் போடுறான் பாரு!"

பின்னால் என் தங்கை புருஷன் இளங்கோவின் தலை தெரிந்தது. கம்மாபுரத்துக்காரர், நிலத்தை எப்போது நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுப்பார்களோ என்று பைக்கில் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கேட்டுக்கொண்டிருப்பவர். "மச்சான், எங்க ஊரு நாயிங்களுக்கு நாளைக்கு ஊரு இருக்குமான்னே தெரியாது. அதுங்ககூட இதவிட புஷ்டியா இருக்குது" என்றார். பல் தேய்க்கிற விஷயத்தை உளறிவைத்தேன். "நாயிக்குப் பல்லு வௌக்குறியா! உங்கப்பன் ஒழுங்கா வௌக்கி நான் பாத்ததில்ல" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு உள்ளே உறுத்தியது. எங்கள் ஊரில் ஒருவன் எப்படி வாழ்கிறான் என்பதை அவன் சதையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். "எளச்சிட்ட" என்றால் பெண்டாட்டி சரியில்லை, வேலை சரியில்லை, ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எங்கள் கூடத்தில் நான் ஊற்றிய பீங்கான் நாய்கள் அத்தனையும் குண்டு. ஒட்டிய வயிற்றோடு ஒரு நாய் பொம்மையை எவன் காசு கொடுத்து வாங்குவான்? டாக்டரம்மாவிடம் பார்னியைக் காட்டப் போனபோது, "பிரமாதமாக இருக்கிறான்" என்றார். "சதை போட ஏதாவது டானிக்?" என்று கேட்டேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று நானே வைத்தியத்தில் இறங்கினேன். காலையில் அளவுச் சாப்பாட்டுக்கு மேல் நெய்ச்சோறு. மத்தியானம் அவித்த முட்டை. சாயங்காலம் கோழி, எலும்பில்லாமல்தான், அந்த அளவுக்கு நான் படித்தவன். சாம்பாரைத் தொடவில்லை, வெங்காயமில்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. "ஏங்க, அந்தம்மா எழுதிக் குடுத்தத ஒருவாட்டி படிங்க" என்று வசந்தி சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருப்பவளுக்கு எல்லோரும் பேஷண்டாகத்தான் தெரிவார்கள் என்றேன்.

ஆறு வாரத்தில் பார்னி பார்க்க அம்சமாக ஆகிவிட்டான். அம்மா, "இப்பத்தான் புள்ள மூஞ்சில ஒரு களை வந்திருக்குது" என்று திருஷ்டி சுற்றிப்போடச் சொன்னாள். ஆனால் சோஃபாவிலிருந்து இறங்கும்போது உடைந்த காலைத் தரையில் ஊன்ற யோசித்தான். நோரா வந்தார். அவன் பக்கத்தில் மண்டியிட்டு விலாவில் கையை வைத்தார். விரல்கள் இந்தப் பக்கம் போயின, அந்தப் பக்கம் போயின. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எலும்புகளை எங்கே வைத்திருக்கிறாய்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஒட்டவைத்த கால் இந்தப் பாரத்தைத் தாங்காது, இப்படியே போனால் அவன் நடக்கவே மாட்டான் என்றார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இன்னும் ஆறு வாரம்" என்றார்.

அந்த ஆறு வாரமும் நெய்யை அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டு, பீன்ஸையும் கேரட்டையும் அவித்துப் போட்டேன். அம்மாவுக்கு அவன் முகத்தை மட்டும் காட்டினேன். காலும் தேறியது, எலும்பும் திரும்பி வந்தது. வசந்திக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். எனக்குத் தினமும் ஒரே நேரம். அதனால் அவன் என் பின்னாலேயே திரிந்தான். குளியலறைக் கதவை நான் சாத்தினால் வெளியே மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான். நோரா மறுபடி வந்து பார்ப்பதற்குள் தங்கை கலையரசி போன் செய்தாள்: பாப்பாவுக்குக் கொளஞ்சியப்பர் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். உலகத்தில் எதைத் தள்ளிப்போட்டாலும் போடலாம், அதைத் தள்ளிப்போட முடியாது. நாயை வசந்தியிடமும், அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் நோராவிடமும் ஒப்படைத்துவிட்டு மூன்று வாரத்துக்கு விமானம் ஏறினேன்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினதுமே ஆட்டோக்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரை, "இன்னாப்பா இப்பிடி எளச்சிட்ட?" அயர்லாந்து டாக்டர் எனக்குச் சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, வயிற்றைக் குறை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதே வயிற்றைப் பார்த்து அம்மா கண் கலங்கி, கறிக்குழம்பை ஊற்றினாள். மூன்றாம் நாள் வசந்தி போன் செய்தாள். "ஏங்க, நீங்க போனதுலேருந்து அவன் சாப்புடல. தண்ணி மட்டும் குடிக்கிறான். கதவாண்டையே நிக்கிறான்." போனை அவனிடம் காட்டச் சொல்லி, "டேய் பார்னி, சாப்புடுடா" என்றேன். அது நான் செய்த பெரிய மடத்தனம். என் குரலைக் கேட்டதும் அவன் போனுக்குப் பின்னால் தேடி, சமையலறையில் தேடி, நான் கற்றுக்கொடுத்த மாடிப்படியில் தாவி ஏறித் தேடி, இறங்கும்போது அந்தக் காலிலேயே வழுக்கினான். நோரா போனை வாங்கினார். "இனிமேல் நீ பேசாதே. ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் பார்ப்பேன். அன்றைக்கும் தொடவில்லை என்றால் கென்னலுக்குக் கொண்டுபோகிறேன். மற்ற நாய்களைப் பார்த்தால் சாப்பிடுவான். சாப்பிட்டால் அங்கேயே இருக்கட்டும். அப்புறம் எப்போதும் ஆள் இருக்கிற வீடாகப் பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைதான் காதுகுத்து. டிக்கெட்டை மாற்றலாமா என்று வாய் திறந்தேன். "நாயி சோறு துன்னலன்னு தாய்மாமன் எந்திரிச்சிப் போனான்னா என் மாமியா வூட்டுல நான் தலகாட்ட முடியுமாண்ணே?" என்றாள் கலையரசி. அவள் சொல்வதும் நியாயம். சாயங்காலம் அம்மா பூ கட்டிக்கொண்டே, "ஒன் அழுக்குத் துணி எதுனா அங்க கெடக்குதா?" என்று கேட்டாள். "நீ கைப்புள்ளையா இருக்கச்ச, நான் நடவுக்குப் போனா என் பழஞ்சீலைய ஏணையில போட்டுட்டுப் போவேன். அந்த வாசத்துலயே கெடப்ப. அதுவும் புள்ளதான?"

வசந்தியிடம் சொன்னேன். "ஏங்க, நீங்க போன அன்னிக்கே எல்லாத்தையும் மிஷின்ல போட்டுட்டேனே" என்றாள். தலையணை உறை, கைலி, துண்டு, ஒன்று பாக்கியில்லை. நர்ஸைக் கட்டிக்கொண்டவன் வாசனையே இல்லாமல் வாழ வேண்டியதுதான். கடைசியில் கார் டிக்கியில் நான் மறந்துபோட்ட ஏப்ரன் அகப்பட்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒரு வாரம் பாத்திரம் துலக்கிய ஏப்ரன். சனிக்கிழமை ராத்திரி அதைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்ததாகச் செய்தி வந்தது. அவன் மோந்து பார்த்துவிட்டு அதன் மேல் படுத்தானாம். தட்டைத் தொடவில்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கு நல்ல நேரம் என்றார்கள். காது குத்துகிற ஆசாரி வந்து சேர பதினொன்றரை ஆனது. அங்கே காலை ஏழு மணி, பார்னி சாப்பிடும் நேரம். சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். அவள் தலையை என் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் சட்டைப்பையில் போன் அடித்தது. எனக்குக் கை இல்லை. அம்மாதான் உருவி எடுத்து, நான் சொன்னபடி எங்கள் சத்தம் அங்கே போகாமல் அமுக்கி, என் முகத்துக்கு நேராக நீட்டினாள். வசந்தி தட்டைக் கீழே வைப்பது தெரிந்தது. ஓரத்தில் நோராவின் பூட்ஸ். பக்கத்திலேயே கென்னலுக்குக் கொண்டுபோகிற கயிறு. பார்னி எழுந்தான். ஏப்ரனை வாயில் கவ்வி இரண்டடி இழுத்து, தட்டை ஒட்டிப் போட்டான்.

"பாப்பாவ கெட்டியா புடிங்க மாமா" என்றார் ஆசாரி. ஊசி இறங்கியது. பாப்பா கோயில் இடிந்துவிழுகிற மாதிரி அலறினாள்.

"துன்றான்டா!" என்று அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். "பரணி துன்றான்டா!"

யார் பரணி, எதைத் தின்கிறான் என்று சம்பந்தி வீட்டார் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, பாப்பாவின் சந்தனம் எரிந்தது என்று சொல்லிவைத்தேன். அவன் என்னை நினைத்துச் சாப்பிட்டானா, ஏப்ரனில் இருந்த கிரேவி வாசனையில் பசியெடுத்துச் சாப்பிட்டானா என்பதில் எனக்கும் நோராவுக்கும் இன்றுவரை வழக்கு ஓடுகிறது. நான் திரும்பி வந்த வாரமே, ஒவ்வொரு விலா எலும்பாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் கலையரசி காதுகுத்துப் போட்டோவை அனுப்பினாள். கம்மாபுரத்து வீட்டில் கூடத்துச் சுவரில் அது மாட்டியாகிவிட்டதாம். நாளைக்கு அந்த வீட்டையே சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டாலும் அதைக் கழற்றிக்கொண்டுதான் போவாளாம். படத்தில் ஆசாரி காதைப் பார்க்கிறார். இளங்கோவும் கலையரசியும் கேமராவைப் பார்க்கிறார்கள். பாப்பா வாயைப் பிளந்து அழுகிறாள். தாய்மாமன் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.